பார்வை அட்டையைக் கெடுத்த உங்கள் மருமகள் குறித்து

அன்பும் செல்வாக்கும் ஒருங்கே வாய்ந்த மைத்துனர் அவர்களுக்கு,

கண்ணாடிக் கடையிலிருந்து உங்கள் அக்காள் புருஷன் எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். உங்கள் அக்காள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொய்யை முதல் வரியிலேயே எழுதணுமா, ரெண்டாம் பக்கத்துக்கு வைங்களேன்" என்றாள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். உங்கள் அக்காள் நலம். உங்கள் மருமகள், அதாவது நான் பெற்ற மகள், பரம நலம். கடை ஊசலாடுகிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கப் போவதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன், நான் நன்றாக இல்லை.

மறந்திருக்க மாட்டீர்கள் மச்சான். "பிள்ளை எழுத்துரு வடிவமைக்கக் கத்துக்கணும்னு ஆசைப்படுது, விடுங்க அத்தான், உலகத்துல எல்லாத்துக்கும் எழுத்து வேணுமே" என்று என் வீட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னது நீங்கள்தான். பரிசு என்று சொல்லி அந்தப் பெரிய கம்ப்யூட்டர் திரையை வாங்கிக் கொடுத்த புண்ணியவானும் நீங்கள்தான். இருக்கிற எழுத்துக்கு என்ன குறைச்சல், நான் படித்த காலத்திலிருந்து ஒன்றுகூட உடைந்து கீழே விழவில்லையே என்று நான் அப்போதே கேட்டேன். யார் காதில் விழுந்தது? சரி, பத்திரிகைக்கும் பெயர்ப்பலகைக்கும் அழகாக நாலு எழுத்துப் போட்டுக் கொடுப்பாள், மேஜை முன்னால் உட்கார்ந்து பார்க்கிற கௌரவமான வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். படிப்பு முடிந்து வந்தவள் சொல்கிறாள், அழகாக வரைவது எல்லாரும் செய்வதாம், இவள் எழுத்தோடு விளையாடப் போகிறாளாம். "ஒரு எழுத்தை எவ்வளவு தூரம் கெடுத்தா அது எழுத்தா இல்லாமப் போகும்னு பாக்கணும்ப்பா. அந்தக் கோடு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் என் வேலை" என்றாள். கெடுப்பதற்குப் பட்டம் கொடுக்கிற கல்லூரி ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் துணி காயப்போடும் கம்பி காணாமல் போனது. உங்கள் அக்காள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தேடினாள். கடைசியில் பார்த்தால் அது உங்கள் மருமகளின் அறைச் சுவரில் 'கூ' என்று வளைந்து நிற்கிறது. ஒரே கம்பியில், எங்கேயும் வெட்டாமல், எல்லா எழுத்தையும் வளைக்க முடியுமா என்று பார்த்தாளாம். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு விளக்குக்கு முன்னால் நிற்க வைத்து, ஒரு கையைத் தூக்கச் சொல்லி, முதுகைக் குனியச் சொல்லி, சுவரில் விழுந்த நிழலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். நான் மூச்சு விட்டால் "அசையாதீங்கப்பா, நீங்கதான் இப்ப 'டு'" என்று அதட்டல். அக்கம்பக்கத்தில் மானம் மரியாதையோடு வாழ்ந்தவன் மச்சான் நான். அன்று பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இடுப்பு வலிக்குப் பயிற்சியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது, நான் 'டு' என்றா?

பிறகு ரொட்டி. ரொட்டித் துண்டுகளில் சர்க்கரைத் தண்ணீரால் எழுதி, பூஞ்சணம் பிடிக்க விட்டு, அது எப்படிப் படர்ந்து எழுத்தாகிறது என்று கவனிப்பாளாம். அதற்காகச் சமையலறை அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அடுக்கி வைத்திருந்தாள். இதை என்னிடம் யார் சொன்னார்கள்? நான் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டேன். மேலே பச்சையாக ஏதோ தடவியிருந்தது, பிள்ளை புதுசாக ஏதோ செய்திருக்கிறாள், குறை சொல்லக் கூடாது என்று நல்ல தகப்பனாக மென்று விழுங்கினேன். சாயங்காலம் அழுதுகொண்டு வந்து நிற்கிறாள். "அப்பா, 'லோ' காணோம்ப்பா. எல்லாத்துலயும் அதுதான் நல்லா வந்திருந்துச்சு." என் வயிறு அன்று முழுக்கப் போட்ட கூச்சலை அவள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை மச்சான். 'லோ' போனதுதான் பெரிய இழப்பு.

இதெல்லாம் வீட்டோடு நின்றிருந்தால் நான் உங்களுக்கு எழுதி நேரத்தைக் கெடுத்திருக்க மாட்டேன். கடைக்குள் கால் வைத்தாள். சும்மா வீட்டில் அடைந்து கிடக்கிறாளே, கல்லாவில் உட்காரட்டும் என்று சொன்னது நான்தான், அது என் கிரகம். வந்த வேகத்தில், பழுது பார்க்க வந்திருந்த கண்ணாடிகளின் காதுக் கம்பிகளைக் கழற்றி மேஜைமேல் பரப்பி எழுத்து கட்டினாள். ஒரு பள்ளி ஆசிரியை தன் கண்ணாடியை வாங்க வந்தபோது ஒரு காதுக் கம்பிதான் இருந்தது. இன்னொன்று 'த'வில் இருப்பதாக உங்கள் மருமகள் அந்த அம்மாளுக்கு விளக்கம் கொடுத்தாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதற்கப்புறம் வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. கடைக்கு வருகிறவர்களிடம், "கண்ணாடியைக் கழட்டிட்டு, அதோ அந்த எழுத்து உங்களுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே இந்தத் தாள்ல வரைஞ்சு குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒருத்தருக்கு 'ம' இரண்டாகத் தெரியும், ஒருத்தருக்கு 'க' நனைந்த மாதிரித் தெரியும், ஒருத்தருக்கு ஒரு பக்கம் மட்டும் தடிப்பாகத் தெரியும். அத்தனையையும் சேர்த்து ஓர் எழுத்துரு செய்தாள். கண் தெரியாதவர்கள் வரைந்த எழுத்து! நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் மச்சான், நான் எழுத்து தெளிவாகத் தெரிவதற்குக் கண்ணாடி விற்கிறவன். நான் பெற்ற பிள்ளை எழுத்தைத் தெளிவில்லாமல் செய்து அதற்குப் பெயர் வைக்கிறது. என்னையும் வரைந்து கொடுக்கச் சொன்னாள். எனக்கு வேறு வேலை இல்லையா, போ என்று விரட்டிவிட்டேன்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நம் கடை ஓடுவது தெருவில் போகிறவர் வருகிறவரால் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். பஸ் டிப்போ டிரைவர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறோமே, அதுதான் கடையின் மூச்சு. அது போனால் நான் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். எதிர்த்தாற்போல் புதுக் கடை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது, உள்ளே குளிர்சாதனம், வாசலில் சிரிக்கிற ஒரு பெண். டிரைவர்களை நேற்றுத்தான் டிப்போ மேனேஜர் அழைத்து வந்தார். வழக்கமாக ஒரு உதவியாளரை அனுப்புவார், இந்த முறை அவரே வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வேலை செய்கிற விதம் உங்களுக்குத் தெரியுமே. நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்து, அவர் முகத்தைப் பார்த்தபடி "மேலேருந்து படிங்க" என்பேன். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? கடை திறந்த நாளிலிருந்து அதே அட்டை. ப. ட, ம. ர, க, ல. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடைசி வரி வரை சொல்வேன். தன் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று தினமும் யாராவது நின்று பார்ப்பார்களா?

நேற்று டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். அடடா, என்ன கண்கள்! ப, ட, ம என்று தண்ணீர் பட்ட பாடாகச் சொல்கிறார்கள். ஒருத்தரும் தடுமாறவில்லை. ஆள் நெட்டையாக, மீசை நரைத்த ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் மூத்தவர். நான் "உக்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வரியில் இருந்தார். "இந்த வயசுல என்ன பார்வைய்யா உமக்கு! கழுகுதான் போங்க" என்று முதுகில் தட்டினேன். அவரும் வெட்கத்தோடு சிரித்தார். நானும் டிக், டிக் என்று குறித்துக்கொண்டே போகிறேன்.

மேனேஜர் எழுந்தார். "ஒரு நிமிஷம் சார். இவங்க எதைப் படிக்கிறாங்க?"

"அட்டையைத்தான்."

"எந்த அட்டையை?"

"சுவத்துல இருக்கற அட்டையை சார்."

"சுவத்துல 'ப'வே இல்லியே?"

சுவருக்குப் பக்கத்தில் போய் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தேன். என் அட்டை இல்லை! முந்தின நாள் சாயங்காலம் உங்கள் மருமகள் அதைக் கழற்றிவிட்டுத் தன் கண் தெரியாத எழுத்தில் ஒரு புது அட்டை அச்சடித்து மாட்டியிருக்கிறாள். மேலே ஒரு 'ஞ', அதுவும் தண்ணீரில் விழுந்து எழுந்த 'ஞ'. அதற்குக் கீழே வீங்கின 'ழ', இரட்டையாகத் தெரிகிற 'ண'. 'ப'வும் இல்லை, 'ட'வும் இல்லை. இந்த மகானுபாவர்கள் அத்தனை பேரும் சுவரில் இல்லாத அட்டையைத் தங்குதடையில்லாமல் படித்திருக்கிறார்கள்! வரிசையில் நிற்கும்போதே ஒருவருக்கொருவர் ஒப்பித்துக் காட்டிக்கொள்வார்களாம். புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கு முதல் நாளே பிரேக் எது, ஹார்ன் எது, அட்டையில் என்ன எழுத்து என்று மூன்றையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். நெட்டையர் என்னைப் பார்த்து, "நீங்களும்தானே சார் டிக் போட்டீங்க" என்றார், எவ்வளவு திமிர் பாருங்கள்.

நான் விடவில்லை. "இத்தனை வருஷமா இவங்க எங்கயாவது இடிச்சாங்களா சார்?" என்று கேட்டேன்.

"இடிச்சாங்க. டிப்போ கேட்டையே இடிச்சாங்க. கேட்டு உள்ள தள்ளி இருந்திருக்கணும்னு சொன்னாங்க. நானும் நம்பித் தள்ளி வெச்சேன்" என்றார் மேனேஜர்.

அப்போது கல்லாவிலிருந்து ஒரு குரல், உங்கள் மருமகளுடையதுதான். "அங்கிள், யாராவது ஒருத்தராவது 'ஞ'ன்னு சொல்லுவாங்களான்னு நான் காலையிலேருந்து காத்துக்கிட்டே இருக்கேன். எவ்வளவு தூரத்துல எழுத்து எழுத்தா தெரியுதுன்னு பாக்கத்தான் மாட்டினேன்." பார்த்தீர்களா? தகப்பன் பிழைப்பில் மண் விழுகிறது, அவளுக்கு 'ஞ' தெரிகிறதா என்பது கவலை. மேனேஜர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நாளைக்கு மறுபடி வர்றேன். அதுக்குள்ள என்ன பண்றதுன்னு யோசிச்சு வைங்க. சரிப்படலைன்னா எதிர்க்கடைக்குப் போறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல சார்" என்று சொல்லிவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இதில் என் தப்பு என்ன என்று சொல்லுங்கள். பழைய அட்டை பழைய இடத்தில் இருந்திருந்தால் அவர்களும் ஒப்பித்திருப்பார்கள், நானும் டிக் போட்டிருப்பேன், பஸ்ஸும் ஓடியிருக்கும், யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. அமைதியாக ஓடிக்கொண்டிருந்த ஓர் ஏற்பாட்டை, உலகத்தில் யாரும் கேட்காத ஓர் எழுத்துருவைக் கொண்டுவந்து குலைத்தது யார்? வீட்டுக்கு வந்து கத்தினேன். "உன்னோட கோணல் எழுத்தால என் கடை போச்சு!" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். உங்கள் அக்காள் என் தட்டில் பரிமாறிய வேகத்தில் தட்டே நகர்ந்தது.

ஆகையால் மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீசில் ஒரு இடம் காலியாகிறது, கோப்பு எடுத்துக் கொடுக்கிற வேலை, மருமகளுக்கு வாங்கித் தருகிறேன் என்று போன தடவை வந்தபோது சொன்னீர்களே. உடனே வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமையே வந்து உங்கள் மருமகளையும், நீங்கள் கொடுத்த அந்தத் திரையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். கம்பிகளையும் எடுத்துக்கொள்ளலாம். அவளை அனுப்பிவிட்டேன், பழைய அட்டையைப் பழையபடி மாட்டிவிட்டேன் என்று மேனேஜர் காலில் விழாத குறையாகச் சொல்லி எப்படியாவது கடையைக் காப்பாற்றிக்கொள்வேன். உங்கள் ஆபீசில் அவள் கோப்புகளை எழுத்தாக அடுக்கி வைத்தால் அது உங்கள் பாடு, எனக்கு எழுதாதீர்கள்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், ஆனால் எழுத்துரு பற்றி மட்டும் வேண்டாம். உங்கள் இல்லத்தில் துணிக் கம்பி துணிக் கம்பியாகவும் ரொட்டி ரொட்டியாகவும் என்றென்றும் விளங்கட்டும் என்று மூத்தவன் என்ற முறையில் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்காளைக் கட்டியவனும், உங்கள் மருமகளைப் பெற்றவனுமாகிய,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார், கடிதம் இரண்டு நாள் அப்படியே கிடந்தது, அதனால் அதற்கப்புறம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். டிரைவர்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர், "முதல்ல நீங்க உக்காருங்க சார். உங்க கண்ணு சரியா இருந்தாத்தானே எங்க ஆளுங்களுக்கு நீங்க பாக்க முடியும்" என்றார். என் கடையில், என் நாற்காலியில், என்னை! முந்தின நாளே அவள் அட்டைக்கு மேலேயே பழையதை மாட்டிவிட்டேனே என்ற தைரியத்தில் வீம்பாக உட்கார்ந்தேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, அந்த நெட்டையருக்கு நான் ஒன்றும் சளைத்தவன் இல்லை என்று காட்ட, ப என்று ஆரம்பித்து, ட, ம, ர, க, ல என்று ஒரே மூச்சில் கடைசி வரி வரை கணீரென்று சொல்லி முடித்தேன். உங்கள் மருமகள் வந்து என் தோளில் கை வைத்தாள். "அப்பா, ரெண்டு அட்டையையும் காலையிலேயே கழட்டிட்டேன்ப்பா. சுவத்துல ஆணி மட்டும்தான் இருக்கு" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எனக்கு ஆணியும் தெரியவில்லை மச்சான்.

இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். வியாழக்கிழமை முதல் கண்ணுக்கு ஆபரேஷன். நான் பக்கத்தில் நின்று முறை சொல்லிக் கொடுக்க, டிரைவர்களை உங்கள் மருமகளே பரிசோதித்தாள், ஒவ்வொருத்தருக்கும் புதுசு புதுசாக நீங்கள் கொடுத்த திரையில் எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு. யாரும் எதையும் ஒப்பிக்க முடியவில்லை. பாதிப் பேருக்குக் கண்ணாடி, நெட்டையருக்கு ரொம்பத் தடிமனாக. இனிமேல் இவள் பார்ப்பதாக இருந்தால்தான் இந்தக் கடை என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே உங்கள் ஆபீஸ் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஆனால் சனிக்கிழமைக்குப் பதில் புதன்கிழமையே வந்துவிடுங்கள். கத்தி என்றால் எனக்குப் பயம், அதை உங்கள் அக்காளிடம் சொல்ல முடியாது.

இன்னொன்று. நேற்று அவள் ஒரு கட்டுத் தாளையும் பென்சிலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஆபரேஷன் ஆயிட்டா இந்த மங்கல் திரும்பக் கிடைக்காதுப்பா. அதுக்குள்ள ஒவ்வொரு எழுத்தும் உங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு வரைஞ்சு குடுத்துடுங்க" என்கிறாள். பெற்ற தகப்பனுக்குக் கண் தெரியவில்லை, மகள் அது வீணாகப் போகக் கூடாது என்கிறாள். இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்வது? க, ங, ச வரிசை முழுக்க முடித்துவிட்டேன். 'ஞ' மட்டும் கொஞ்சம் நன்றாகவே வந்திருக்கிறது. அதைத் திருத்துகிறேன் கிருத்துகிறேன் என்று யாரும் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.